எண் உயிரோடு இருக்கிறது

ஆரணி
10.9.1979

சிரஞ்சீவி தம்பி வேணுகோபாலுக்கு அக்கா அபிதகுசாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது. முதுகுவலி ஒன்றைத் தவிர நான் நன்றாக இருக்கிறேன். அது தறிக்குழியில் உட்கார்ந்து நெய்து நெய்து வந்தது, என்னோடுதான் போகும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கல்கத்தாவின் கடுகெண்ணெய்ச் சமையல் இன்னும் உன் வயிற்றைப் படுத்துகிறதா?

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அதற்கு முந்தினதுக்கும் போடவில்லை. கல்யாணம் எப்போது, ஊருக்கு எப்போது என்று கேட்டால் உன் பேனாவில் மை வற்றிவிடும் என்று தெரிந்துகொண்டேன். அதனால் இந்தத் தடவை உன் ஆபீஸ் விஷயமாகவே கேட்கிறேன். பதில் போடாமல் தப்ப முடியாது.

நீ பேட்டண்ட் ஏஜண்டு கம்பெனியில் குமாஸ்தா என்று சொன்னால், "பேட்டண்ட் மருந்தா விக்கிறாரு?" என்று கேட்கிறார்கள் இங்கே. ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நம் வீட்டு டார்ச் லைட், பெட்டிப் பூட்டு, போன வாரம் வாங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ், மூன்றிலும் ஏதோ எண் வெட்டியிருக்கிறது. தனித் துண்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்காக அந்த எண்களைப் போடுகிறார்கள்? அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அக்கா
அபிதம்

*

கல்கத்தா
4.10.1979

அன்புள்ள அக்காவுக்கு வேணுவின் வணக்கம். நான் சுகம். வயிறும் சுகம். இங்கே பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்துவிட்டார்கள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். யாராவது புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அதைச் செய்யும் வழியை ஒளிக்காமல் எழுதி, படமும் வரைந்து சர்க்காரிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பதினாலு வருஷத்துக்கு அவன் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது. அதற்குத் தருவதுதான் பேட்டண்ட் எண். பொருளின் மேல் அதை வெட்டுவது, "இதற்கு ஆள் இருக்கிறது, கை வைக்காதே" என்று ஊருக்குச் சொல்வதற்கு.

உன் டார்ச்சில் இருப்பது பேட்டண்ட் எண்ணே இல்லை. அது டிசைன் பதிவு எண். வெளி உருவத்துக்கு மட்டும் காவல். பூட்டில் இருப்பது பேட்டண்ட் எண்தான், ஆனால் வெள்ளைக்காரன் காலத்தது. கெடு முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பழைய பெருமைக்கு இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எண் கொடுத்துவிட்டால் தானாகப் பதினாலு வருஷம் ஓடாது. வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் நடுவிலேயே போய்விடும். எங்கள் ஆபீஸ் பேச்சில் "இந்த எண் உயிரோடு இருக்கிறது, அந்த எண் செத்துவிட்டது" என்றுதான் சொல்வோம். இதில் ரகசியமும் கிடையாது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் யாருக்கும் அச்சுப் பிரதி அனுப்புவார்கள். கண்டுபிடித்தவன் பெயர், விலாசம், படம் எல்லாம் அதில் இருக்கும்.

ஸ்டவ் எண்ணை இன்னும் பார்க்கவில்லை. பார்த்து எழுதுகிறேன்.

வேணு

*

ஆரணி
2.11.1979

தம்பி வேணுவுக்கு ஆசீர்வாதம். இங்கே நான் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா, இல்லையா? தனி ஆள்தானே என்று சும்மா இருந்திருப்பாய்.

இரண்டு எண்ணுக்கு அழகாகப் பாடம் நடத்திவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டாயே. எனக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டும் அதற்குத் துணைக்கு அனுப்பியவை.

விஷயத்தைச் சொல்கிறேன். பஜாரில் ஒரு ஸ்டவ்வை மட்டும் விலை குறைத்துப் போட்டிருந்தான். என்ன குறை என்றேன். "திருகுற பிடி எடது பக்கம் கீதும்மா. கோணல் மாடல். ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றான். திருகிப் பார்த்தேன். திரி மேலே ஏறி நின்றது, விட்டால் நழுவவில்லை. உள்ளே குனிந்து பார்த்தால், நெய்த துணியைச் சுருட்டும் உருளையில் நம் தறியில் ஒரு பல்சக்கரமும் அது பின்னால் ஓடாமல் பிடிக்கும் நாக்கும் இருக்குமே, அதுவேதான். சின்னதாக. இடது கைக்கு.

இந்த ஆரணியில் ஊடை இழை ஓட்டும் நாடாவை இடது கையால் வீசிய நெசவுக்காரர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபத்தொன்றாம் வருஷம் பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து பேட்டண்ட், பேட்டண்ட் என்று பித்துப் பிடித்தவர் போல அலைந்தவரும் அவர்தான். அவர் செய்து வைத்திருந்த சக்கரத்தை அவர் அண்ணன் சக்கரவர்த்தி, என் மூத்தார், சுத்தியால் உடைத்துப் போட்டதும், கண்ணமங்கலம் பஸ் ஏறிப் போனவர் திரும்பாததும் நீ அறிந்ததே. அதே வருஷம் ஆடி மாதம்.

மூத்தார் இப்போது வேறு பேச்சு எடுக்கிறார். பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாமாம், இப்போதே எட்டு ஆகிவிட்டதாம். "இன்னும் எவ்ளோ நாளு இழுத்துகினு இருக்கறதும்மா? பேஜாரா கீது" என்கிறார். கெட்ட மனுஷர் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். ஆனால் தாலி இறங்கினால் முகூர்த்தப் பட்டு என் தறியில் ஏறாது. தாலி இல்லாதவள் நெய்த கூறைப்புடவையை எந்தக் கல்யாண வீட்டில் வாங்குவார்கள்? பிள்ளை குட்டி இல்லாத எனக்கு அந்த வேலையும் போனால் இந்த வீட்டில் நான் யார்?

அந்த எண்ணுக்கு எதிரே என்ன பெயர் இருக்கிறது என்று பார். தாலி கட்டினவர் பெயரை நான் எழுதக் கூடாது. உனக்கே தெரியும்.

அபிதம்

*

கல்கத்தா
18.2.1980

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஆபீஸில் வேலை அதிகம்.

பதிவேட்டில் பார்த்தேன். மாமா பெயர்தான். மாணிக்கவேல், ஆரணி, வட ஆற்காடு ஜில்லா என்று சொந்த ஊரும் போட்டிருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தது 1972 மே மாதம். அப்போது வடக்கே ஒரு ஸ்டவ் பட்டறையில் இருந்திருக்கிறார். விலாசம் பழையது. நான் அங்கே எழுதினேன். பிரயோஜனம் இல்லை. நீ அலைய வேண்டாம்.

இந்த வருஷத்துக் கட்டணம் கெடுவுக்குள் கட்டப்பட்டிருக்கிறது. எண் உயிரோடு இருக்கிறது.

வேணு

*

ஆரணி
3.3.1980

என் ராஜா வேணுவுக்கு அக்காவின் ஆயிரம் ஆசீர்வாதம். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை நன்றாக இருக்க வேண்டும்.

கடிதத்தைத் தறிக்குழியில் உட்கார்ந்தபடி படித்தேன். பாவு இழையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அழுதால் பட்டில் கறை விழும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாக எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் இருந்தேன், வேணு. வடக்கு என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

மூத்தாரிடம் சொன்னேன். "நம்பரு உயிரோட கீது, சரி. ஆளு எங்க? நம்பரா வந்து தறியில பாவு இழையப் புனையப் போவுது?" என்றார். "வருஷா வருஷம் பணம் கட்டறதுக்கு ஒரு ஆளு வோணும் இல்லீங்களா மாமா? செத்தவங்களா கட்டுவாங்க?" என்று கேட்டேன். பிறகு ஸ்டவ்வைப் புரட்டிப் பார்த்தார். பிடியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

இதற்கு ஆள் இருக்கிறது, கை வைக்காதே என்று எழுதியிருந்தாயே, தாலிக்கும் அதே அர்த்தம்தான். வருஷம் ஒரு தடவை அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அபிதம்

*

கல்கத்தா
9.6.1981

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சுகமே. நீ எப்படி இருக்கிறாய்?

இந்த வருஷமும் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது. எண் உயிரோடு இருக்கிறது.

ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தாய். உன் ஊறுகாய் ஜாடி மூடியில் 'பேட்டண்ட் விண்ணப்பிக்கப்பட்டது' என்று இருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். அப்படிப் போட்டால் இன்னும் எண் கிடைக்கவில்லை, கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காத்திருக்கிறவர்கள் போட்டுக்கொள்வது.

மெஸ்ஸில் சமையல்காரன் ஊருக்குப் போய்விட்டான். ஒரு வாரமாகப் பொரிதான். இங்கே பொரி நன்றாக இருக்கும்.

வேணு

*

ஆரணி
20.11.1981

தம்பி வேணுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடை மழை. நூல் ஈரம் கோர்த்துக்கொண்டு தறி ஓடவில்லை, அவ்வளவுதான்.

கட்டணம் கட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கட்டினவருக்குப் புண்ணியம் உண்டு.

பொரி தின்று கொண்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அதைத்தான் நாலைந்து தடவை படித்தேன். ஒரு வாரம் பொரி தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பருப்புப் பொடி இடித்து, எள்ளுப் பொடியும் சேர்த்துப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். நல்லெண்ணெய் அங்கே கிடைக்காவிட்டால் எழுது. பக்கத்து வீட்டு லீலாவின் தம்பி ரயில்வேயில் இருக்கிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பேனா என்ன பேனா? அதில் எண் இருக்கிறதா? உன் குடை, உன் சவரப் பெட்டி, எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து எழுது. எனக்கு இங்கே பொழுது போகவில்லை. வருஷம் ஒரு கடிதம் போதும் என்று நான் எழுதியது தப்பு.

அபிதம்

*

கல்கத்தா
14.6.1983

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். பருப்புப் பொடி இரண்டாவது பார்சலும் வந்தது. மெஸ்ஸில் பாதிப் பேர் அதற்கு அடிமை.

வருகிற ஆடியோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது, மூத்தார் ஐயரைப் பார்த்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தது. அவருக்குக் காட்டு. 'ஆரணி மாணிக்கவேல் பெயரில் உள்ள மேற்படி பேட்டண்ட் இன்றைய தேதியில் நடப்பில் உள்ளது. நடப்பாண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது' என்று இருக்கும். இங்கிலீஷில் இருப்பதால் மரியாதை கிடைக்கும்.

பேனாவில் எண் இல்லை. குடைக் கம்பியில் ஒன்று இருக்கிறது. தேடிப் பார்த்தேன், செத்துப்போன எண்.

வேணு

*

ஆரணி
30.7.1983

தம்பி வேணுவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். நீ போன கடிதத்தில் இருமல் என்று எழுதவில்லை, ஆனால் எழுத்து நடுங்கியிருக்கிறது. மிளகு கஷாயம் போட்டுக் குடி.

உன் காகிதம் வேலை செய்தது. மூத்தார் அதை ஹைஸ்கூல் வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார். திரும்பி வந்து, "சர்க்காரே இருக்குதுன்னு எழுதிகினு கீது. நாம எதுக்கு அவன சாவடிக்கணும்? ஐயர வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். சொல்லும்போது அவருக்குத்தான் அதிகச் சந்தோஷம். மறுநாளே முகூர்த்தப் புடவைக்கான பாவு ஒன்று என் தறிக்கு வந்தது. அரக்குச் சிவப்பு, கட்டம் போட்டது.

உன் காகிதத்தை நானும் லீலாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கவனமாகத்தான் அடித்திருக்கிறாய்.

அபிதம்

*

கல்கத்தா
2.6.1986

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலம். இருமல் போய்விட்டது.

இந்த வருஷம் கட்டணம் இல்லை. யாரும் கட்டாமல் விட்டதால் இல்லை. போன மாதத்தோடு பதினாலு வருஷம் நிறைந்துவிட்டது. நடுவில் போகாமல் முழு ஆயுளும் இருந்த எண். எங்கள் ஆபீஸில் அப்படி நூற்றில் சிலதான் பார்த்திருக்கிறேன். இனி அந்தச் சக்கரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். மாமாவைக் கேட்க வேண்டியதில்லை.

இனிமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வேணு

*

ஆரணி
6.7.1986

என் தம்பி வேணுவுக்கு அக்கா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவையாவது நிஜமாக எழுது.

எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் யாருக்கும் அச்சுப் பிரதி அனுப்புவார்கள் என்று முதல் கடிதத்திலேயே நீதானே சொன்னாய்? விலாசத்தை என்னிடம் ஒளித்தவன் அதை மட்டும் மறந்துவிட்டாய். எண்பத்தொன்றாம் வருஷம் நெசவாளர் சொசைட்டி எழுத்தர் மூலமாக எழுதி வாங்கினேன். நாக்பூர் பட்டறை விலாசம் இருந்தது. படமும் இருந்தது. சக்கரத்தில் ஒரு பல் மட்டும் கொஞ்சம் குட்டையாகப் போட்டிருந்தது. நம் தறிச் சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கும், அதையும் விடாமல் வரைந்திருக்கிறார். அதைப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

கடிதம் நான் எழுதினேன். உறை மேல் பெயரை லீலாவை எழுதச் சொன்னேன். பட்டறை முதலாளி இந்தியில் பதில் போட்டார். மசூதித் தெரு துணிக்கடை பாய் படித்துச் சொன்னார். எழுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாராம். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில்கூட ஊருக்குச் சேதி அனுப்ப விடவில்லையாம். முதலாளியே கொள்ளி வைத்திருக்கிறார். நான் பஜாரில் அந்த ஸ்டவ்வைத் திருகிப் பார்த்தபோதே அவர் இல்லை. "இதையெல்லாம் உங்கள் தம்பிக்கு முன்பே எழுதினேனே, வருஷக் கட்டணத்தைக்கூட அவர்தானே கட்டுகிறார்" என்றும் எழுதியிருந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் உனக்குப் பதில் போடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உன் மேல் அவ்வளவு கோபம். தாலியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டேன். அப்புறம் உன் பொரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கல்கத்தாவில் ஒரு அறையில் தனியாகப் பொரி தின்றுகொண்டு, செத்துப்போன மாமாவுக்காகக் கட்டணம் கட்டிக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என்னைத் தவிர யார், எனக்கு அவனைத் தவிர யார்? நான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் நீ கட்டுவதை நிறுத்திவிடுவாய். எழுதுவதையும் நிறுத்திவிடுவாய். எனக்கு உன் கடிதம் வேண்டியிருந்தது, வேணு. தாலிக்காகவும்தான், முகூர்த்தப் பாவுக்காகவும்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதைவிடக் கடிதம் வேண்டியிருந்தது.

ஆனால் அவருக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விடாமல் நான் பூவும் பொட்டுமாக இருந்தது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. எண் முழு ஆயுளும் இருந்தது என்று நீ எழுதியதும், போதும், இனி அவரைப் பசியோடு வைக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. மூத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தாம்மா ஒடச்சேன். இந்தக் கையாலதான் ஒடச்சேன்" என்று குழந்தை மாதிரி அழுதார். ஆற்றங்கரையில் அவரே எல்லாம் செய்தார். மறுநாள் முகூர்த்தப் பாவை என் தறியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு நான் அழவில்லை என்றால் பொய். இப்போது சாதாரணச் சேலைதான் ஓடுகிறது.

நீ எழுதியது சரிதான். களம்பூர் தகரப் பட்டறையில் இப்போதே அந்த ஸ்டவ்வைச் செய்கிறார்கள், பஜாரில் அடுக்கியிருக்கிறது. எண் கிடையாது. பிடியை வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். நன்றாக விற்கிறதாம். எங்கள் வீட்டு ஸ்டவ்வை மட்டும் நான் இடது கையால்தான் பற்றவைக்கிறேன்.

பேட்டண்ட் என்ற வார்த்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. அதனால்தான் பதினைந்து வருஷமாக ஊர்ப் பக்கம் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? அவர் அந்த வார்த்தையால் கெட்டுப்போகவில்லை, வேணு. அந்தப் படத்தைப் பார்த்தவள் சொல்கிறேன். உருட்டி வரைந்த கோட்டில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை நான் இந்த வீட்டில் அவருக்குக் கொடுத்ததில்லை, நீ கொடுத்திருக்கிறாய்.

அடுத்த வைகாசியில் திதி வருகிறது. வா. அதுவரை கேட்க எனக்கும் எண் இல்லை, சொல்ல உனக்கும் எண் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், மழை பெய்ததா, யாரோடாவது பேசினாயா என்று எழுது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையே எழுது.

அவர் பெயர் வரும் என்று அனுப்புநர் விலாசத்தை எப்போதும் லீலாவை எழுதச் சொல்வேன், இந்தத் தடவை அவளிடம் கொடுக்கவில்லை. உறையைத் திருப்பிப் பார். என் கையெழுத்துதான்.

மாணிக்கவேல் மனைவி,
அபிதகுசாம்பாள்,
ஆரணி.